எண்டோசல்பான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தை நாடறியச் செய்த பூச்சிக்கொல்லி எண்டோசல்பான். இந்தியாவில் 2011 முதல் தடையில் இருக்கிறது. தடைதான் வந்துவிட்டதே, இனி எதற்கு இதைப் பற்றிப் பேச்சு என்று பலர் கேட்கிறார்கள். இந்த மருந்தால் பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் நம்மோடுதான் வாழ்கிறார்கள். பழைய டின்கள் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வேதியியலும் மருத்துவமும் கலந்து வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எண்டோசல்பான் எந்த வகை வேதிப்பொருள்?

குளோரின் ஏறிய கரிமச் சேர்மம். ஒரு மூலக்கூறில் 9 கார்பன், 6 ஹைட்ரஜன், 6 குளோரின், 3 ஆக்சிஜன், 1 கந்தக அணு. மூலக்கூறு எடை ஏறத்தாழ 407. ஆல்ட்ரின், டைல்ட்ரின், ஹெப்டாகுளோர் ஆகியவை சேர்ந்த சைக்ளோடையீன் குடும்பத்தில் இதுவும் ஒன்று. டிடிடி தூரத்து உறவு.

1950களில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் 'தயோடான்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு இந்தியா இதன் மிகப் பெரிய உற்பத்தியாளராக வளர்ந்தது. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனமும் தயாரித்தது, தனியார் நிறுவனங்களும் தயாரித்தன. எண்டோசெல், ஹில்தான், தயோடான் என்று பல பெயர்களில் உரக்கடைகளில் கிடைத்தது.

பார்க்க எப்படி இருக்கும்?

தொழிற்சாலையில் இருந்து வரும் கரைப்பான் கலக்காத சரக்கு வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரையிலான செதில், படிகம். கந்தக டைஆக்சைடின் நெடி லேசாக வீசும். ஆல்பா, பீட்டா என்று இரண்டு வடிவங்கள் அதில் ஏறத்தாழ 70க்கு 30 என்ற விகிதத்தில் கலந்திருக்கும். தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம்: ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தால் அதிகம். எண்ணெயிலும் கொழுப்பிலும் கரிமக் கரைப்பான்களிலும் நன்றாகக் கரையும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

உழவர்கள் கையில் வந்தது '35 ஈசி', அதாவது 35 சதவீத மருந்தைப் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்த திரவம். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுத்துக் கலங்கும்.

பூச்சியைக் கொல்லும் மருந்து மனிதனை ஏன் தாக்குகிறது?

பூச்சிக்கும் நமக்கும் நரம்பு வேலை செய்யும் விதத்தில் அடிப்படை ஒன்றுதான். மூளையில் நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்காமல் அடக்கி வைக்க 'காபா' என்றொரு வேதித்தூதர் இருக்கிறது. அது நரம்பணுவில் குளோரைடு அயனிகள் நுழையும் வாயிலைத் திறந்துவிடும், நரம்பு அமைதியாகும். எண்டோசல்பான் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாத நரம்புகள் ஓயாமல் துடிக்கின்றன. அதன் முடிவுதான் வலிப்பு.

உடலுக்குள் எப்படிப் போகிறது?

வாய், மூச்சு, தோல் மூன்று வழியாகவும் போகும். தோலைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மூடி சரியாக இறுகாமல் கசியும். மருந்துத் தண்ணீர் சட்டையை நனைத்து முதுகோடு ஒட்டிக் கிடக்கும். நண்பகல் வெயிலில் வியர்வையோடு அது மணிக்கணக்கில் தோலில் ஊறும். மருந்தைக் குச்சிக்குப் பதில் கையால் கலக்குவதும், தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டால் வாயால் ஊதிச் சரிசெய்வதும் நம் வயல்களில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சிகள். கொழுப்பில் கரையும் மருந்து, அதுவும் கரைப்பானோடு சேர்ந்து வரும்போது, தோலைத் தாண்டுவது எளிது. கையுறையும் முகக்கவசமும் கொடுக்காமல் கூலியாளை மருந்தடிக்க அனுப்புவது குற்றம் என்றே நான் சொல்வேன்.

நஞ்சேறினால் என்ன அறிகுறி தெரியும்?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, எரிச்சல் மிகுந்த பதற்றம், கைகால் நடுக்கம். உட்கொண்ட அளவு அதிகமென்றால் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வலிப்பு தொடங்கிவிடும். சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் நேரடியாக வலிப்பில்தான் தெரியவரும். வலிப்பு விடாமல் தொடர்ந்தால் தசைகள் சிதைந்து, ரத்தத்தில் அமிலம் ஏறி, சிறுநீரகம் பழுதாகி, மூச்சு நின்றுபோகும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே 108ஐ அழையுங்கள். இலங்கையில் 1990.

தோலில் பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். கழுவிவிடுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளலாம்.

விழுங்கியிருந்தால் பால், நெய், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். விஷம் குடித்தவருக்குப் பால் கொடுப்பது நம் ஊர்களில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். எண்டோசல்பான் விஷயத்தில் அது கெடுதல். கொழுப்பு சேர்ந்தால் குடல் அதை இன்னும் வேகமாக உறிஞ்சும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாந்தி எடுக்கும் நேரத்தில் வலிப்பு வந்துவிட்டால் கரைப்பானும் மருந்தும் நுரையீரலுக்குள் போய்விடும். ஆளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவிக்கொத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மருந்து டின்னையோ அதன் லேபிளையோ மறக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மருத்துவர்களும் அழைக்கலாம்.

லேபிள் எதற்கு? பூச்சிமருந்து என்று சொன்னால் போதாதா?

போதாது. நம் மருத்துவமனைகளுக்கு வரும் பூச்சிமருந்து நஞ்சுகளில் பெரும்பான்மை ஆர்கனோபாஸ்பேட் வகை. அவற்றுக்கு அட்ரோபின் கொடுப்பார்கள். எண்டோசல்பானுக்கு அட்ரோபின் மாற்று மருந்து ஆகாது. உண்மையில் இதற்கென்று மாற்று மருந்தே கிடையாது. டயஸிபாம், லோராஸிபாம் போன்றவற்றால் வலிப்பை அடக்கி, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசம் கொடுத்து, உடல் தானாக நஞ்சை வெளியேற்றும் வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. எந்த மருந்து என்று உடனே தெரிந்தால் மருத்துவர் சரியான வழியில் போவார்.

கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட காலம் உடலில் சேர்ந்தால்?

ஆய்வகத்தில் எண்டோசல்பான் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல நடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். விலங்குகளில் விந்தணு உற்பத்தி குறைவதும், சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படுவதும் பதிவாகியுள்ளன.

மனிதர்களில் நடந்த ஆய்வுகளில் மிகவும் பேசப்படுவது, அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் காசர்கோட்டில் செய்து 2003ல் வெளியிட்டது. தெளிப்புக்கு உள்ளான ஊரில் 117 சிறுவர்கள், தெளிப்பே இல்லாத ஊரில் 90 சிறுவர்கள், வயது 10 முதல் 19. ரத்தத்தில் எண்டோசல்பான் அளவு முதல் குழுவில் சராசரியாக நூறு கோடியில் 7.47 பங்கு, இரண்டாவதில் 1.37 பங்கு. தெளிப்பு நின்று பல மாதங்கள் கழித்து எடுத்த ரத்தம் இது. முதல் குழுச் சிறுவர்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதமாகியிருந்தது, டெஸ்டோஸ்டிரோனும் எதிர்பார்த்த அளவில் இல்லை. விரைகள் கீழிறங்காமை போன்ற பிறவிக் குறைபாடுகள் முதல் குழுவில் கூடுதலாகத் தெரிந்தாலும், புள்ளியியல் கணக்கில் அது உறுதியாகவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். எண்ணிக்கை சிறியது. ஆனால் நேர்மையான ஆய்வு.

புற்றுநோய் வருமா?

விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தவில்லை. காசர்கோட்டில் அரசு தயாரித்த பாதிக்கப்பட்டோர் பட்டியலில் புற்றுநோயாளிகளும் இருக்கிறார்கள். அது நிவாரணத்துக்காக எடுத்த பட்டியல், அதை மருத்துவச் சான்றாகக் காட்ட முடியாது. இந்த மருந்தின் கொடுமையைச் சொல்ல நரம்பு மண்டலமும் குழந்தைகளின் வளர்ச்சியுமே போதும். இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் இருப்பதையும் நம்பமாட்டார்கள்.

மண்ணிலும் தண்ணீரிலும் எத்தனை நாள் தங்கும்?

ஆல்பா வடிவம் ஓரிரு மாதங்களில் பாதியாகும். பீட்டா இன்னும் மெதுவாகச் சிதையும். சிக்கல் அதோடு முடிவதில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இதை எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றுகின்றன. அதுவும் மூலமருந்துக்கு நிகரான நஞ்சு, ஆயுளும் கூட. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாதியாகக் குறைய 9 மாதம் முதல் 6 ஆண்டு வரை ஆகலாம் என்பது அமெரிக்க முகமையின் மதிப்பீடு. விற்பவர்கள் ஆல்பாவின் கணக்கை மட்டும் காட்டி 'சீக்கிரம் சிதைந்துவிடும்' என்று பல ஆண்டுகள் பேசினார்கள்.

மீன்களுக்கு இது எமன். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவே பல மீனினங்களைக் கொல்லப் போதும். காற்றில் ஆவியாகி வெகுதூரம் பயணிக்கும். யாருமே பூச்சிமருந்து அடிக்காத ஆர்க்டிக் பகுதியின் காற்றிலும் இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

காசர்கோட்டில் என்னதான் நடந்தது?

கேரள அரசின் தோட்டக் கழகத்துக்கு அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் முந்திரித் தோட்டங்கள். முந்திரியின் தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருக வைக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிக்க, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள்.

அந்த நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் விபரீதம் விளங்கும். முந்திரி நிற்பது செம்பாறைக் குன்றுகளின் மேல். வீடுகள் இருப்பது கீழே பள்ளத்தாக்கில். குடிதண்ணீர் வருவது குன்றின் வயிற்றுக்குள் கிடைமட்டமாகக் குடைந்த சுரங்கங்களிலிருந்து. மேலே பெய்த மழை பாறையில் ஊறி, சுரங்கத்தில் கசிந்து, பாளைத் தூம்பு வழியாக முற்றத்துத் தொட்டிக்கு வந்துசேரும். ஆக, குன்றின் உச்சியில் தெளித்தது எதுவாக இருந்தாலும் அது போய்ச் சேரும் இடம் சமையலறைக் குடம். மரத்தின் தலைக்கு மிக நெருக்கமாகப் பறந்துதான் தெளிக்க வேண்டும் என்பது விதி. மேடும் பள்ளமுமான இடத்தில் அது நடக்கிற காரியமில்லை. தெளிக்கும் நாளில் கிணறுகளை மூடி வைக்கச் சொன்னார்கள். சுரங்கத்தையும் ஓடையையும் எதைக்கொண்டு மூடுவது?

முதலில் கவனித்தவர்கள் ஊர்க்காரர்கள். தேன்கூடுகள் காலியாயின. மீனும் தவளையும் செத்தன. 1979லேயே, உழவரும் பத்திரிகையாளருமான ஸ்ரீ பத்ரே, கன்றுக்குட்டிகள் ஊனத்தோடு பிறப்பதைப் பற்றி எழுதினார். எண்மகஜெ ஊராட்சியில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் மோகன் குமார், தன்னிடம் வரும் குடும்பங்களில் மூளை வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு, பிறவி ஊனம், மனநலப் பாதிப்பு எல்லாம் ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பதைக் கண்டார். பெரியாவில் வசித்த லீலாகுமாரி அம்மா வேளாண்மைத் துறையிலேயே பணியாற்றியவர். அவர் 1998ல் நீதிமன்றம் போனார். வான்வழித் தெளிப்பு நின்றது அந்த வழக்கால்தான். துறைக்குள் இருந்துகொண்டே துறை சொல்வதை எதிர்த்து வழக்காட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்குள்ள எல்லா நோய்க்கும் எண்டோசல்பான்தான் காரணமா?

எல்லாவற்றுக்கும் அதுதான் என்று சொல்ல அறிவியலில் இடமில்லை. ஒரு குறிப்பிட்ட குழந்தையைக் காட்டி 'இது எண்டோசல்பானால் வந்தது' என்று எந்தப் பரிசோதனையாலும் இன்று நிரூபிக்க முடியாது. மரபணுக் காரணங்கள் உண்டு. பிரசவச் சிக்கல்கள் உண்டு. மத்திய அரசு அமைத்த குழு ஒன்று 2003ல் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. மருந்தை ஆதரிப்பவர்கள் இன்றும் அதைத்தான் நீட்டுகிறார்கள்.

சரி, ஏன் நிரூபிக்க முடியவில்லை? தெளிப்பு தொடங்குவதற்கு முன் அந்த ஊர்களில் பிறவிக் குறைபாடு எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் தெளித்தபோது ஒரு தாயின் ரத்தத்தையும் சோதிக்க ஏற்பாடு இல்லை. எந்தக் குன்றில் எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் தெளித்தார்கள், கீழ்வீட்டில் யார் அப்போது கர்ப்பமாக இருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்க்க எந்தப் பதிவும் இல்லை. எண்டோசல்பான் சில நாட்களில் ரத்தத்திலிருந்து பெருமளவு வெளியேறிவிடும். அப்புறம் இருபது ஆண்டு கழித்து ரத்தம் எடுத்து என்ன தேடுவது? பதிவு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு தெளித்தவர்களுக்கு இருந்தது. அவர்கள் வைக்காத பதிவைத் தாய்மார்களிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நரம்பைத் தாக்கும் மருந்து. வளரும் மூளையை அது பாதிக்க வேதியியல் காரணம் தெளிவாக இருக்கிறது. ஊர்ச் சிறுவர்களின் ரத்தத்தில் மருந்து இருந்தது, தண்ணீர் வரும் வழியிலும் சந்தேகமில்லை. இந்த அளவு தெரிந்த பிறகும் முழு நிரூபணம் வரும்வரை உதவி இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இழப்பீடு கிடைத்ததா?

தேசிய மனித உரிமை ஆணையம் 2010 டிசம்பரில், இறந்தவர்களின் குடும்பத்துக்கும் முழுவதும் செயலிழந்தவர்களுக்கும் 5 லட்சம், மற்ற ஊனங்களுக்கு 3 லட்சம் கொடுக்கப் பரிந்துரைத்தது. 2017 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சத்தை மூன்று மாதத்துக்குள் கொடுக்க உத்தரவிட்டது. 2022 மே மாதம் வழக்கு மீண்டும் வந்தபோது, 3,704 பேரில் பணம் கைக்கு வந்தது 8 பேருக்கு. நீதிமன்றத்தை மீண்டும் அணுகியவர்கள் அந்த எட்டுப் பேர். மாநில அரசை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்த பிறகே மற்றவர்களுக்குப் பட்டுவாடா வேகம் எடுத்தது.

பணம் ஒரு பக்கம். படுக்கையில் கிடக்கும் முப்பது வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டும் தாய்க்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. தனக்குப் பிறகு யார் என்பதுதான் அந்த வீடுகளில் இன்று பெரிய கேள்வி.

இலங்கையில் என்ன அனுபவம்?

அங்கிருந்து கற்க வேண்டியது நிறைய. உலக நலவாழ்வு நிறுவனம் மிகக் கொடியவை என்று முதல் வகையில் வைத்த பூச்சிக்கொல்லிகளை இலங்கை 1995 வாக்கில் தடைசெய்தது. அந்த இடத்தை எண்டோசல்பான் பிடித்துக்கொண்டது. அனுராதபுரம் வட்டாரத்தில் நடந்த ஆய்வில், விடாத வலிப்பால் இதில் இறந்தவர்கள் 1994ல் ஒருவர், 1998ல் 50 பேர். பெரும்பாலும் தற்கொலை முயற்சிகள். 1998ல் எண்டோசல்பானையும் தடைசெய்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் சாவு 3 ஆகக் குறைந்தது. கொடிய மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், ஒரு நொடி மனமுடைந்தவர் பிழைத்து எழ வாய்ப்புண்டு. மனச்சுமையில் இருப்பவர்கள் இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தடை எப்போது வந்தது? இந்தியா ஏன் தயங்கியது?

2011 ஏப்ரலில் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் உலக அளவில் இதை ஒழிக்கும் பட்டியலில் சேர்த்தன. சில பயிர்களுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தன. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு மூன்றையும் நிறுத்தியது. கேரளம் அதற்கு முன்பே தன் எல்லைக்குள் நிறுத்தியிருந்தது.

மத்திய அரசு கடைசிவரை எதிர்த்ததற்குக் காரணம் விலை. காப்புரிமை முடிந்த மருந்து, மலிவு, பல பூச்சிகளுக்குக் கேட்கும். மாற்று மருந்துகள் பல மடங்கு விலை. சிறு உழவர் மேல் சுமை ஏறும் என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அந்தச் சிறு உழவர்தான் கையுறை இல்லாமல் அதை முதுகில் சுமந்தவர்.

இப்போது காய்கறியில் இருக்குமா?

இருக்கக் கூடாது. உலக உணவு, நலவாழ்வு நிறுவனங்களின் நிபுணர் குழு வகுத்த அன்றாட ஏற்பு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.006 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 0.36 மில்லிகிராம். சட்டவிரோதமாக அடித்தால் ஒழிய அந்த அளவை நெருங்க வாய்ப்பில்லை. காய்களை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது எந்த மருந்துக்கும் நல்லதுதான்.

வீட்டுப் பரணில் பழைய டின் ஒன்று கிடக்கிறது. என்ன செய்வது?

துருப்பிடித்து, லேபிள் அழிந்து, மூடியோரம் பழுப்பாக உறைந்து கிடக்கும் டின்னைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். சாக்கடையிலோ கிணற்றிலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம். ஊற்றினால் ஒரு மீனும் மிஞ்சாது. தோட்டத்தில் புதைக்கவும் வேண்டாம், அடுப்பில் போட்டு எரிக்கவும் வேண்டாம். எரித்தால் நச்சுப்புகை வரும். கையுறை போட்டு, டின்னை அப்படியே தடித்த பிளாஸ்டிக் வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் மரத்தூளோ மணலோ நிரப்பி, இறுக மூடி, 'விஷம்' என்று பெரிதாக எழுதுங்கள். பிள்ளைகள் கையும் மாடும் எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் எழுத்தில் தகவல் கொடுங்கள். அபாயக் கழிவை உயர் வெப்ப உலையில் எரிக்கும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவதுதான் சரியான வழி. அதை ஏற்பாடு செய்யக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காலி டின்னாக இருந்தாலும் கழுவித் தண்ணீர் பிடிக்கவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ எடுக்காதீர்கள். அடியில் துளைபோட்டு அதையும் அந்த வாளியோடு சேர்த்து வையுங்கள்.